கிரியேட்டின் எவ்வளவு?

தெருவோரமாக நடந்துபோகும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு லாரி ஹாரனை அலறவிடுகிறது. திரும்பிப் பார்ப்பதற்குள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. மூளையிலிருந்து இதயத்துக்கு நேரடியாக நரம்புகள் ஓடுகின்றன. செய்தி போய்ச் சேர ஓரிரு துடிப்புகளின் நேரம் போதும்.

இதய மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு இதே இடத்தில் வேறு மாதிரி நடக்கிறது. அவரும் திடுக்கிடுகிறார், ஒதுங்குகிறார், உள்ளங்கை வியர்க்கிறது. இதயம் மட்டும் எதுவுமே நடக்காததுபோலப் பழைய வேகத்தில் துடிக்கிறது. லாரி கண்ணுக்கு மறைந்து, அவர் டீக்கடை பெஞ்சில் போய் உட்காரும் நேரத்தில்தான் துடிப்பு மெல்ல ஏறுகிறது. ஆபத்து போன பிறகு வந்து சேரும் படபடப்பு அது.

கொடையாளரின் இதயத்தைப் பொருத்தும்போது அறுவை மருத்துவர் பெரிய ரத்தக்குழாய்களையும் இதய மேலறையின் விளிம்பையும் தைத்து இணைக்கிறார். நரம்புகளைத் தைப்பதில்லை; அவ்வளவு நுண்ணிய இழைகளைத் தேடிப்பிடித்து இணைக்க வழியில்லை. ஆனாலும் இதயம் துடிக்கிறது. துடிப்பதற்கான தூண்டுதல் அதன் மேலறையிலுள்ள ஒரு சின்னத் திசுத் திட்டிலேயே பிறப்பதுதான் காரணம். யாரும் தலையிடாமல் விட்டால் அந்தத் திட்டு நிமிடத்துக்குச் சுமார் 100 முறை இதயத்தைத் துடிக்கவைக்கும். நம்முடைய இதயம் ஓய்வில் 70, 75 என்று இருப்பது, வேகஸ் என்ற நரம்பு எந்நேரமும் கடிவாளத்தை இழுத்துப் பிடித்திருப்பதால். மாற்று இதயத்துக்கு அந்தக் கடிவாளம் கிடையாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அது 90 முதல் 110 வரை ஓடுகிறது. துடிப்பு மிகவும் குறைந்துபோனவர்களுக்கு அவசரத்தில் போடும் அட்ரோபின் ஊசிகூட இவர்களிடம் பலிக்காது. அந்த ஊசியின் வேலை வேகஸின் பிடியைத் தளர்த்துவது; இங்கே தளர்த்தப் பிடியே இல்லை.

அப்படியானால் இவர் மாடிப்படி ஏறுவது எப்படி? இந்த இடத்தில் உடம்பு செய்யும் ஏற்பாடு என்னை எப்போதும் வியக்க வைக்கும். காலை எடுத்து வைத்ததும் கெண்டைக்கால் தசைகள் சுருங்கி, சிரைகளிலுள்ள ரத்தத்தை மேலே தள்ளுகின்றன. அதிக ரத்தம் வந்து நிறையும்போது இதயத் தசை விரிகிறது; விரிந்த தசை அதிக வலுவோடு சுருங்குகிறது. வேகம் கூடாமலே ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தம் வெளியேறுகிறது. இதற்குள் சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் கலக்கின்றன. நரம்பு வழியே வராத செய்தி, ரத்தம் வழியே சுற்றிக்கொண்டு வந்து சேர்கிறது. அதனால்தான் இவர்களிடம் மருத்துவர்கள் சொல்வார்கள்: எதையும் மெதுவாகத் தொடங்குங்கள், மெதுவாக நிறுத்துங்கள். நடையை நிறுத்திய பிறகும் துடிப்பு கொஞ்ச நேரம் உச்சத்திலேயே நிற்கும்.

நரம்பு அறுந்ததற்கு இன்னொரு விளைவும் உண்டு. மாற்று இதயத்தின் ரத்தக்குழாய்கள் ஆண்டுகள் போகப்போகச் சுருங்கக்கூடும். நமக்கென்றால் நெஞ்சு வலித்துக் காட்டிக்கொடுக்கும். இவர்களுக்கு வலி வராது. வலியைச் சொல்லும் நரம்பும் அறுந்துவிட்டது. குறிப்பிட்ட இடைவெளியில் ஆஞ்சியோ செய்து பார்ப்பது அதனால்தான். சில ஆண்டுகளில் நரம்புகள் ஓரளவு மீண்டும் வளர்கின்றன, எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. அப்படி வளர்ந்தவர்களில் சிலருக்கு நெஞ்சுவலி என்ற உணர்வு திரும்பி வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

உறுப்பு மாற்றுக்குப் பிறகு வரும் மன அழுத்தத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டு இதயத்தின் நரம்பில் இவ்வளவு நேரம் நின்றது வேண்டுமென்றுதான். மாற்று உறுப்பு எதுவானாலும் அது பேசாது. தனக்கு ஏதாவது ஆகிறது என்றால் உடம்புக்காரருக்குத் தெரியும்படி சொல்வது அரிது. பிழைத்து எழுந்தவர்களின் கவலையில் பெரும்பகுதி இந்த மௌனத்திலிருந்து பிறக்கிறது என்று நினைக்கிறேன். 'மறுபிறவி கிடைத்துவிட்டது, இனி என்ன பயம்' என்று சொல்லும் சொந்தக்காரர்களுக்கு இது புரிவதில்லை.

மறுபிறவி என்பது உண்மைதான். 1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்டு முதல் மனித இதய மாற்று சிகிச்சையைச் செய்தார். இதயத்தைப் பெற்ற லூயி வாஷ்கான்ஸ்கி 18 நாள் வாழ்ந்தார். அவருடைய உயிரைக் கொண்டுபோனது நிமோனியா. புது இதயத்தை உடம்பு தாக்கிவிடாமல் இருக்கக் கொடுத்த சிகிச்சை, கிருமிகளுக்கும் கதவைத் திறந்துவிட்டிருந்தது. இந்தச் சிக்கலுக்கு விடை மண்ணிலிருந்து வந்தது. நார்வேயின் ஹார்டாங்கர்விட்டா மேட்டு நிலத்தில் 1969-ல் எடுத்த மண்ணிலிருந்த ஒரு பூஞ்சை, சைக்ளோஸ்போரினைத் தந்தது. 1983-ல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்ததும் உறுப்பு மாற்றின் காலமே மாறிப்போனது. 1984-ல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணிலிருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து டாக்ரோலிமஸ் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று தமிழ்நாட்டில் சிறுநீரகமோ கல்லீரலோ மாற்றிக்கொண்டவர்களின் மாத்திரை டப்பாவைத் திறந்தால் பெரும்பாலும் இது இருக்கும்.

'உடம்பு ஒத்துக்கிச்சு' என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். ஒருவகையில் உடம்பு ஒருபோதும் ஒத்துக்கொள்வதில்லை. நம் ரத்தத்திலுள்ள டி அணுக்கள், ஒவ்வொரு செல்லின் மேற்பரப்பிலும் இருக்கும் அடையாளப் புரதங்களைத் தடவிப் பார்த்து, இது நம்முடையதா வேற்றாளுடையதா என்று தீர்மானிக்கின்றன. பத்து வருடமானாலும் மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தின் அடையாளம் கொடுத்தவருடைய அடையாளம்தான். டி அணுக்கள் கிளர்ந்தெழாமல் தடுப்பது காலையும் இரவும் விழுங்கும் மாத்திரை. உடன்பாடு ஒவ்வொரு 12 மணி நேரத்துக்கும் புதுப்பிக்கப்படுகிறது.

அந்த மாத்திரைகள் மனத்தையும் தொடுகின்றன. இதை வெளிப்படையாகச் சொல்லாமல் விடுவது நோயாளிக்குச் செய்யும் அநியாயம். டாக்ரோலிமஸ் கையை நடுங்கவைக்கும். ஊசியில் நூல் கோக்க முடியாது, டம்ளர் தளும்பும், கையெழுத்து கோணிப்போகும். தூக்கத்தையும் கெடுக்கும். கூடவே கொடுக்கும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, முதல் மாதங்களில் அளவு அதிகமாக இருக்கும்போது, நடுராத்திரி இரண்டு மணிக்குக் கண்ணைத் திறக்கவைக்கும். அகோரப் பசியைக் கிளப்பும். சின்ன விஷயத்துக்கு எரிந்துவிழவும், காரணமில்லாமல் அழவும் வைக்கும். முகம் உருண்டையாகிவிடும். கண்ணாடியில் தெரிபவர் வேறு யாரோ. 'ஆபரேஷனுக்கு அப்புறம் இவரு குணமே மாறிப்போச்சு' என்று மனைவி சொல்லும்போது, அதில் எவ்வளவு பயம், எவ்வளவு மருந்து என்று பிரித்துப் பார்க்க ஒரு மருத்துவர் வேண்டும். அளவு குறையக் குறைய நடுக்கமும் எரிச்சலும் பெரும்பாலும் தணிகின்றன. முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், 'எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ' என்று ஒருவர் இருட்டில் தனியாக உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்காது.

சிறுநீரக மாற்றுக்கு முன், டயாலிசிஸில் இருப்பவருக்குத் தண்ணீர்தான் முதல் எதிரி. சிறுநீர் கிட்டத்தட்ட நின்றுபோனவர் ஒரு நாளைக்கு அரை லிட்டர், முக்கால் லிட்டர் என்று அளந்து குடிக்க வேண்டும். சித்திரை வெயிலில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொள்வார், எலுமிச்சைத் துண்டை முகர்வார். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே உடம்பில் தேங்கிய தண்ணீர் எத்தனை கிலோ என்று எடை மெஷின் காட்டிவிடும். கூடியிருந்தால் நர்ஸம்மா கேட்பார். பல வருடம் இப்படி வாழ்ந்தவரின் அடிவயிற்றில் ஒரு சிறுநீரகத்தை வைக்கிறார்கள். பழைய இரண்டும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். புதியது இடுப்பெலும்புக்கு உட்புறம், தோலுக்குச் சற்றுக் கீழே. ரத்தக்குழாயைத் தைத்து முடித்துக் கிடுக்கியை எடுத்ததும், வெளிறிக் கிடந்த உறுப்பு சில நொடிகளில் இளஞ்சிவப்பாகிறது. உயிரோடு இருப்பவர் கொடுத்ததாக இருந்தால், பலநேரம் அறுவை மேஜையிலேயே சிறுநீர் சொட்டத் தொடங்கிவிடும். அறையிலுள்ள எல்லோரும் பார்க்கக் காத்திருக்கும் சொட்டு அது.

அடுத்த நாளிலிருந்து உத்தரவு தலைகீழ். தண்ணீர் குடியுங்கள், இரண்டு லிட்டர், மூன்று லிட்டர். கை டம்ளரை எடுக்கிறது, மனம் தயங்குகிறது. பல வருடம் ஒவ்வொரு மிடறுக்கும் கணக்குச் சொன்னவரால் ஒரே நாளில் அதை விட்டுவிட முடிவதில்லை. பேருந்துக் கூட்டத்தில் நிற்கும்போது இன்னொரு பழக்கம் வருகிறது: யாராவது இடித்துவிடுவார்களோ என்று உள்ளங்கை தானாக அடிவயிற்றின் அந்தப் பக்கத்துக்குப் போய் நிற்கும்.

பிறகு, பரிசோதனைக் காலைகள். டாக்ரோலிமஸ் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, முந்தைய வேளை மாத்திரை போட்டு 12 மணி நேரம் ஆன பிறகு, அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் எடுக்க வேண்டும். ஆகவே அன்று காலை மாத்திரை வாய்க்குப் போகாது, பையோடு ஆஸ்பத்திரிக்கு வரும். ரத்தம் எடுக்கும் வரிசையில் நிற்பவர்களைக் கவனித்தால், முகக்கவசம், தண்ணீர் பாட்டில், மாத்திரை அட்டை இந்த மூன்றும் ஒவ்வொருவர் கையிலும் இருக்கும். ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டே மாத்திரையை விழுங்குவார்கள். சாப்பாடு அதற்குப் பிறகுதான். முடிவு வர மதியம் ஆகும். அதுவரை பெஞ்சில் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வது ஒரே கேள்விதான்: 'போன தடவை கிரியேட்டின் எவ்வளவு?'

மருத்துவர்கள் கிரியேட்டினின் என்பார்கள், பெஞ்சில் அது கிரியேட்டின். தசைகள் இயங்கும்போது உண்டாகும் கழிவு அது. சிறுநீரகம் நன்றாக வடிகட்டினால் ரத்தத்தில் குறைவாக இருக்கும். 1.1 இருந்தவருக்கு 1.3 வந்துவிட்டால் அந்த வாரம் அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்குவதில்லை. முந்தின நாள் தண்ணீர் குறைவாகக் குடித்திருக்கலாம், வெயிலில் அலைந்திருக்கலாம், இரவு ஆட்டுக்கறி சாப்பிட்டிருக்கலாம், பரிசோதனைக்கூடமே வேறாக இருக்கலாம். மருத்துவர் பல மாதங்களின் போக்கைப் பார்க்கிறார். நோயாளிக்கு அன்றைய எண்தான் கண்ணில் படுகிறது. அவரைக் குறை சொல்ல முடியாது. நிராகரிப்பு, அவர்கள் வாயில் 'ரிஜெக்ஷன்', பலநேரம் எந்த அறிகுறியும் காட்டாமல் தொடங்குகிறது. வலிக்காது, வீங்காது, காய்ச்சல் வராமலும் போகலாம். பேசாத உறுப்பைப் பற்றிப் பேசுவது அந்த ஓர் எண் மட்டும்தான். இதய மாற்று செய்துகொண்டவர்களுக்கு முதல் வருடத்தில் கழுத்துச் சிரை வழியாகக் கம்பியை விட்டு இதயத்திலிருந்தே துளித் திசுவைக் கிள்ளியெடுத்துப் பார்க்கிறார்கள், தொடக்கத்தில் வாரம் ஒருமுறைகூட. நன்றாக இருக்கிறேன் என்று உடம்பு சொல்வதை நம்பக்கூடாது என்று இத்தனை முறை கற்றுக்கொண்டவர் நிம்மதியாக இருப்பது சுலபமா?

இவ்வளவு சொன்ன பிறகும், பழைய நிலையோடு ஒப்பிட்டால் வாழ்க்கை நல்லபடியாகவே மாறுகிறது என்பதில் சந்தேகம் வேண்டாம். அமெரிக்காவில் ரோஜர் எவான்ஸும் அவருடைய குழுவும் 859 சிறுநீரக நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 1985-ல் வெளியானது. மாற்று சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ 79 சதவீதம் பேர் கிட்டத்தட்ட இயல்பாக இயங்கினார்கள். டயாலிசிஸில் இருந்தவர்களில், டயாலிசிஸின் வகையைப் பொறுத்து, 47 முதல் 59 சதவீதம் பேரே அப்படி இருந்தார்கள். அதற்கு வெகு முன்பே இன்னொரு சான்று பிறந்திருந்தது: 1956-ல் தன் இரட்டைச் சகோதரியிடமிருந்து சிறுநீரகம் பெற்ற எடித் ஹெல்ம் 1958-ல் குழந்தை பெற்றார், 2011 வரை வாழ்ந்தார்.

சிக்கல் ஒப்பீட்டில் இல்லை, எதிர்பார்ப்பில் இருக்கிறது. வாழ்க்கைத் தரத்தை ஆராய்ந்தவர்களில் பீட்டர் யூபல் உள்ளிட்ட ஒரு குழு 2008-ல் வெளியிட்ட ஆய்வை நான் மிகவும் மதிக்கிறேன். சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்கள்: இப்போது உங்கள் வாழ்க்கை எப்படி இருக்கிறது? மாற்று சிகிச்சைக்குப் பிறகு எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? சிகிச்சை முடிந்து ஒரு வருடம் ஆனதும் அவர்களிடமே திரும்பப் போனார்கள். வாழ்க்கை முன்னேறியிருந்தது. ஆனால் அவர்கள் கற்பனை செய்திருந்த அளவுக்கு இல்லை. அதைவிட ஆச்சரியம், முன்பு எப்படி இருந்தது என்று கேட்டபோது, அன்று அவர்களே கொடுத்திருந்த மதிப்பெண்ணைவிடக் குறைவாகச் சொன்னார்கள். கடந்த காலம் இருந்ததைவிட இருண்டதாக நினைவில் பதிந்திருந்தது.

காத்திருக்கும்போது மனிதர் ஒன்றே ஒன்றைப் பற்றி யோசிக்கிறார்: டயாலிசிஸ் இல்லாத நாள். அந்த நாளிலும் கடன் இருக்கும், வேலை தேட வேண்டியிருக்கும், மருமகளுக்கும் மாமியாருக்கும் சண்டை வரும் என்பது அந்தக் கற்பனைக்குள் நுழைவதில்லை. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உறுப்பு மாற்றுக்கு உதவுவது பெரிய விஷயம். இருந்தாலும் ஊருக்கும் சென்னைக்கும் மாறிமாறிப் பயணம், துணைக்கு வருபவரின் கூலி இழப்பு, 'உங்களால வெயிட் தூக்க முடியுமா' என்று இழுக்கும் முதலாளி, பெண் பார்க்க வருபவர்களிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்ற தயக்கம், எல்லாம் மிச்சமிருக்கின்றன. எதிர்பார்த்த மகிழ்ச்சி வராதபோது பலர் தங்களையே குற்றம் சாட்டிக்கொள்கிறார்கள். இவ்வளவு கிடைத்தும் நான் சந்தோஷமாக இல்லையே, நான் நன்றிகெட்டவனா?

நன்றி என்ற அந்தச் சுமை, உறுப்பு மாற்றின் முதல் வெற்றியிலேயே இருந்தது. 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசப் மர்ரே, ரொனால்டு ஹெரிக்கின் சிறுநீரகத்தை அவருடைய இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்குப் பொருத்தினார். அறுவைக்கு முந்தின இரவு, சாகும் நிலையிலிருந்த ரிச்சர்டு தன் சகோதரருக்கு ஒரு சீட்டு அனுப்பினார்: இங்கிருந்து கிளம்பி வீட்டுக்குப் போய்விடு என்று. ரொனால்டு பதில் சீட்டு அனுப்பினார், இங்கேதான் இருப்பேன் என்று. ரிச்சர்டு பிழைத்து, தன்னைக் கவனித்துக்கொண்ட நர்ஸையே திருமணம் செய்து, இரண்டு குழந்தைகளுக்குத் தந்தையாகி, எட்டு ஆண்டு வாழ்ந்தார். உயிர் பிழைக்க வேறு வழியே இல்லாதவரும் அதை வாங்கிக்கொள்ளக் கூசினார் என்பதை அந்தச் சீட்டு காட்டுகிறது.

உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களோடும் அவர்களுடைய மருத்துவர்களோடும் பல்லாண்டு பழகி எழுதிய ரெனே ஃபாக்ஸ், ஜூடித் ஸ்வேசி இருவரும் இதைக் 'கொடையின் கொடுங்கோன்மை' என்றார்கள். திருப்பிக் கொடுக்கவே முடியாத கடன் கொடுத்தவரையும் வாங்கியவரையும் சேர்த்துக் கட்டிப்போடுகிறது. இந்தியாவில் நடக்கும் சிறுநீரக மாற்றுகளில் பெரும்பாலானவை உயிரோடு இருக்கும் உறவினரிடமிருந்து பெறப்படுபவை. கொடுப்பவர்களில் பெண்களே அதிகம், அம்மாவும் மனைவியும். அறுவை முடிந்த மறுநாள் வலி அதிகமாக இருப்பது பலநேரம் கொடுத்தவருக்கு. ஆனால் பழக்கூடையும் விசாரிப்பும் வாங்கியவர் கட்டிலைச் சுற்றித்தான். மூன்று மாதம் கழித்து, கொடுத்த தங்கை அண்ணனைப் பார்க்க வருகிறாள். அவர் தட்டிலுள்ள ஊறுகாயைப் பார்த்து, 'உப்பு கம்மியா சாப்பிடச் சொன்னாங்கல்ல அண்ணே' என்கிறாள். அக்கறைதான். அண்ணன் கை அப்படியே நிற்கிறது. தன் உடம்பில் தனக்கு முழு உரிமை இல்லாத ஓர் இடம் இருப்பது அவருக்கு அப்போது உறைக்கிறது. அண்ணிக்கும் அது தெரிகிறது. மூவருமே நல்லவர்கள், யார் மேலும் தவறில்லை. அதனால்தான் இதைப் பேசுவது கடினம்.

இறந்தவரிடமிருந்து பெற்றவரின் மனம் வேறு விதமாக அலைகிறது. 2008 செப்டம்பரில் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த 15 வயது ஹிதேந்திரனின் உறுப்புகளை, மருத்துவர்களான பெற்றோர் கொடையளித்தார்கள். அவனுடைய இதயத்துக்காகச் சென்னைப் போக்குவரத்து நிறுத்தி வைக்கப்பட்டது; அது ஒரு சிறுமிக்குப் போய்ச் சேர்ந்தது. தமிழ்நாட்டு மக்கள் மூளைச்சாவு என்ற சொல்லைத் தெரிந்துகொண்டது பெரும்பாலும் அந்த வாரத்தில்தான். 2023 முதல் உறுப்புக் கொடையளித்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கிறது. இவையெல்லாம் கொடுத்த குடும்பத்துக்குச் செய்ய வேண்டிய மரியாதைகள். பெற்றவரிடம் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: காத்திருப்புப் பட்டியலில் இருந்தபோது எதற்காகக் காத்திருந்தோம்? ஃபோன் மணி அடிக்க வேண்டும் என்று சாமி கும்பிட்டவருக்கு, அந்த மணி அடிக்க யாரோ ஒருவர் சாக வேண்டியிருந்தது என்பது பிறகு உறைக்கும். அவர் வேண்டிக்கொண்டதால் விபத்து நடக்கவில்லை. இதை அவரும் அறிவார். அறிந்தும் குத்துகிறது.

இந்தக் குற்ற உணர்வு ஓரிருவருடையதல்ல. 2002-ல் வெளியான ஓர் உளவியல் கேள்வித்தாள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களின் மனநிலையை ஐந்து கோணங்களில் அளக்கிறது: உறுப்பைப் பற்றிய கவலை, கொடையாளரை நினைத்துக் குற்ற உணர்வு, வெளியே சொல்வதில் தயக்கம், மருந்தை ஒழுங்காக எடுப்பது, பிறருக்குக் கடமைப்பட்டிருக்கும் பொறுப்புணர்வு. குற்ற உணர்வு அதில் தனித் தலைப்பாகவே இருக்கிறது. பிரெஞ்சுத் தத்துவவாதி ழான்-லூக் நான்சி 1990களின் தொடக்கத்தில் வேறொருவர் இதயத்தைப் பெற்று, 2021 வரை வாழ்ந்தார். நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளால் பின்னர் அவருக்குப் புற்றுநோயும் வந்தது. தனக்குள் நுழைந்த அந்நியர் யார், புது இதயமா, கைவிட்ட தன் பழைய இதயமா, மருந்தா, புற்றா என்று 2000-ல் ஒரு சிறு நூலில் விசாரித்தார். உடம்பு கேட்கும் கேள்வியை அவர் மனத்தாலும் கேட்டார்.

சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மனச்சோர்வு உள்ளவர்களிடம் இறப்பும் உறுப்பிழப்பும் அதிகம் என்பதும் தெரிந்திருக்கிறது. இது மனோபலம் குறைந்தவர்களின் பிரச்சினை என்று ஒதுக்குவதை நான் ஏற்க மாட்டேன். மருந்து, மௌனமான உறுப்பு, தீராத கடன் என்று உடம்பிலும் வீட்டிலும் அதற்குக் காரணங்கள் இருக்கின்றன. கிரியேட்டினினை அளக்கும் அதே நாளில் தூக்கத்தையும் பயத்தையும் பற்றி இரண்டு கேள்வி கேட்பதற்கு ஐந்து நிமிடம் ஆகும். கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சூரிச் நகரத்திலிருந்து 2000-ல் வெளியான மருத்துவக் குறிப்பு ஒன்று சாட்சி. இதய மாற்று செய்துகொண்ட இரண்டு பேருக்குத் திடீரென நிராகரிப்பு ஏற்பட்டது. ரத்தத்தில் சைக்ளோஸ்போரின் அளவு விழுந்திருந்தது. தேடிப் பார்த்ததில், இருவரும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற ஐரோப்பிய மூலிகையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அதை எடுத்தது லேசான மனச்சோர்வுக்கு. அந்த மூலிகை, மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைக் கல்லீரலிலும் குடலிலும் பெருக்கிவிடுகிறது. உள்ளே போன சைக்ளோஸ்போரின் வேலை செய்வதற்கு முன்பே கரைந்துபோனது. பம்பளிமாஸ், கிரேப்ஃப்ரூட் வகைப் பழங்கள் இதற்கு நேர்மாறு. அவை நொதியை முடக்கி மருந்தின் அளவை ஏற்றிவிடும் என்பதால்தான் வேண்டாம் என்கிறார்கள். நாட்டு மருந்துக் கடையில் 'நரம்புக்கு நல்லது' என்று கொடுக்கும் பொடிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

மாத்திரை விட்டுப்போவதும் இந்தக் கதையின் பகுதிதான். பதினேழு வயதிலிருந்து இருபதுகளின் தொடக்கம் வரை, சிறுநீரகத்தை இழக்கும் ஆபத்து மற்ற வயதுகளைவிட அதிகம். அந்த வயதில் ஒரு பையனுக்கு வேண்டியது மற்றவர்களைப்போல இருப்பது. நண்பர்களோடு படம் பார்க்கப் போனவன் இடைவேளையில் டப்பாவைத் திறந்தால் கேள்வி வரும், திறக்காவிட்டால் வேளை தவறும். தவறினால் அம்மா அழுவாள், டாக்டர் திட்டுவார். அதனால் அடுத்த முறை 'எல்லாம் போட்டேன்' என்று சொல்லிவிடுகிறான். இரண்டு மூன்று முறை அப்படிப் போனால், பேசாத உறுப்பு எதையும் காட்டிக்கொடுக்காது, கிரியேட்டினின் ஏறும்வரை. நாளுக்கு ஒரே வேளை எடுக்கும் டாக்ரோலிமஸ் இப்போது கிடைக்கிறது. வேளை குறைந்தால் தவறுவதும் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எல்லோருக்கும் பொருந்துமா என்பதை மருத்துவர்தான் பார்க்க வேண்டும். ஒரு வேளை விட்டுப்போனால் மறு வேளைக்கு இரண்டாகச் சேர்த்து விழுங்காமல், ஆஸ்பத்திரியின் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளருக்கு ஃபோன் போட்டுக் கேட்க வேண்டும். அந்த ஃபோனை எடுப்பவர் எடுத்ததும் திட்டாமல், 'எப்போ போட வேண்டியது தம்பி, இப்போ மணி என்ன?' என்று கேட்டால், அவன் அடுத்த முறையும் கூப்பிடுவான்.